பையில் கிடந்த வளையல்கள்: வேலூரில் ஒரு நாவல் பயிலரங்கு

கிறிஸ்தவக் காதல் நாவலுக்கு நாயகனையும் நாயகியையும் உருவாக்கக் கற்றுத்தருவதாக அறிவிக்கப்பட்ட பயிலரங்கு ஒன்றுக்கு, ஆகஸ்டு மாதத்தின் இரண்டு சனிக்கிழமைகளில் குடியாத்தத்திலிருந்து பேருந்தேறி வேலூருக்குப் போய்வந்தேன். கட்டணம் 2,500 ரூபாய். இரண்டு நாள் வகுப்பு, சுருள்கம்பி கோத்த பயிற்சி ஏடு, மதிய உணவு, பின்னர் நாம் அனுப்பிவைக்கும் முதல் மூன்று அத்தியாயங்களுக்கு எழுத்துமூலமான கருத்துரை ஆகிய நான்கும் அதில் அடங்கும். நடத்தியவர்களின் பெயரை நான் எழுதப்போவதில்லை. சொல்லவிருக்கும் குறைகளில் ஒன்றிரண்டு கடுமையானவை; அவர்களோ மரியாதைக்குரிய மனிதர்கள்.

நான் பள்ளித் தமிழாசிரியை. இருபது ஆண்டுகளாகச் சபை இதழ்களுக்குச் சிறுகதைகள் எழுதிவருகிறேன். பாதியில் நின்றுபோன நாவல் ஒன்று மேசை இழுப்பறையில் மூன்று ஆண்டுகளாகக் கிடந்தது. அது ஏன் நின்றது என்பது எனக்கே தெரிந்திருந்தது: என் நாயகியும் நல்லவள், நாயகனும் நல்லவன், இரு வீட்டாரும் ஆலயத்துக்குத் தவறாமல் போகிறவர்கள். இவர்கள் திருமணத்தை ஆயர் எப்போது நடத்திவைப்பார் என்பதைத் தவிர வாசகர் காத்திருக்க அந்தக் கதையில் வேறெதுவும் இல்லை. இந்த முடிச்சை யாராவது அவிழ்த்துத் தருவார்களா என்ற எதிர்பார்ப்பில்தான் பணம் கட்டினேன்.

பயிற்றுநர் அறுபதைக் கடந்த பெண்மணி. வாழ்நாளில் பெரும்பகுதியைக் கிறிஸ்தவ நூல்களுக்கு மெய்ப்புத் திருத்துவதில் கழித்தவர். அவருடைய தொடக்க உரை சுருக்கமாகவும் தெளிவாகவும் இருந்தது. மேலை நாடுகளில் தனி வகையாகவே வளர்ந்துவிட்ட இத்தகைய நாவலில் காதல் ஒன்று மட்டும் கதையாகிவிடாது. அவளுக்கும் கடவுளுக்கும் இடையே நடப்பது ஒரு கதை, அவனுக்கும் கடவுளுக்கும் இடையே நடப்பது இன்னொரு கதை, அவர்கள் இருவருக்கும் இடையே நடப்பது மூன்றாவது கதை. இந்த மூன்றில் ஒன்றை உருவி எடுத்தால் மற்ற இரண்டும் குலைய வேண்டும். குலையவில்லையென்றால் அந்த இழை வெறும் அலங்காரத்துக்காகச் சேர்க்கப்பட்டது என்று பொருள். வேதாகமத்தின் பிரசங்கி புத்தகத்தில் வரும் 'முப்புரிநூல் சீக்கிரமாய் அறாது' என்ற வசனத்தை அவர் இதற்கு எடுத்துக்காட்டினார். நம் திருமண அழைப்பிதழ்களில் அச்சடித்து அச்சடித்துத் தேய்ந்துபோன வசனம் அது. அதற்குள் நாவல் கட்டும் முறை ஒன்று இருக்கிறது என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை. என் நாவலில் இருந்தது ஒற்றைப்புரி என்பது அங்கேயே விளங்கிவிட்டது.

அதன்பின் பயிற்சி ஏட்டைத் திறந்தோம். நாயகியைப் பற்றிய வினாக்கள் மட்டும் ஐந்து பக்கம். முதல் வினா கண்ணின் நிறம், இரண்டாவது கூந்தலின் நிறம். பதினெட்டுப் பேரும் இரண்டு இடத்திலும் 'கறுப்பு' என்று எழுதிவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நாயகனின் தொழிலுக்கு மாதிரியாகக் குதிரைப் பண்ணை முதலாளி கொடுக்கப்பட்டிருந்தார். வெளிநாட்டுக் கையேடு ஒன்றைத் தமிழாக்கியவர்கள் ஆர்க்காட்டுப் பக்கம் கொஞ்சம் திரும்பிப் பார்த்திருக்கலாம். ஏட்டுக்காக மட்டும் யாரும் பணம் கட்ட வேண்டாம்.

ஆனால் அரை மணி நேரத்தில் பயிற்றுநரே ஏட்டை மூடி வைக்கச் சொல்லிவிட்டார். 'பல நாள் ஜெபித்தும் அவளுக்குக் கிடைக்காமல் போனது என்ன?' என்று கேட்டார். எல்லோரும் விரைவாக எழுதினோம்: வேலை, தகப்பனின் குடி நிற்பது, அக்காவின் திருமணம். 'சரி, எந்த ஜெபத்தை அவள் நிறுத்திவிட்டாள்? என்றைக்கு நிறுத்தினாள்?' என்பது அடுத்த கேள்வி. பத்து நிமிடம் அந்த மாடி அறையில் மின்விசிறியின் சத்தம் மட்டும்தான் கேட்டது.

என் நாயகி எஸ்தர், வேலூரில் பெரிய மருத்துவமனை ஒன்றில் செவிலியர். அவளுடைய தகப்பனார் ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் ஆலையில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவர். அதுவரை அவளைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அந்தப் பத்து நிமிடத்தில் அவள் தகப்பனின் மூச்சிரைப்புக்காகச் சிறுவயதிலிருந்து ஜெபித்துவந்தவள் என்பதும், செவிலியர் படிப்பின் மூன்றாம் ஆண்டில் அவருடைய எக்ஸ்ரேயைத் தானே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த நாளோடு அதை நிறுத்திக்கொண்டாள் என்பதும் தெரியவந்தன. நோயாளிகள் கேட்டால் அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு இன்றும் ஜெபிக்கிறாள். தனக்கென்று கேட்பதை மட்டும் விட்டுவிட்டாள். பாதி நாவல் எழுதியும் எனக்குப் பிடிபடாத பெண் இப்படி ஒரு கேள்வியில் எழுந்து நின்றாள். கட்டணத்தில் பெரும்பகுதி எனக்கு அங்கேயே தீர்ந்துவிட்டது.

இந்த இடத்தில் பயிற்றுநர் ஐடா ஸ்கடரின் வாழ்க்கையை எடுத்துச் சொன்னார். வேலூரில் அந்தக் கதையைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. 1870-இல் ராணிப்பேட்டையில் மிஷனெரி மருத்துவர் குடும்பத்தில் பிறந்த அந்தப் பெண்ணுக்கு இந்தியாவில் தங்கும் எண்ணமே இல்லை. திண்டிவனத்தில் ஓர் இரவில் மூன்று ஆண்கள், ஒருவர் பின் ஒருவராக வந்து, பிரசவ வேதனையில் இருந்த தம் மனைவியரைப் பார்க்க அழைத்தார்கள். அவளுக்கோ வைத்தியம் தெரியாது, அவள் தந்தையாகிய ஆண் மருத்துவர் வருவதற்கோ அவர்கள் சம்மதிக்கவில்லை. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். மருத்துவம் படித்துவிட்டு 1900-இல் திரும்பிவந்து வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு அவர் தொடங்கியதுதான் இன்றைய சி.எம்.சி. என்னும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. நாம் ஞாயிறு பள்ளியில் இதை ஒரு தியாகக் கதையாகக் கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். பயிற்றுநரோ, கதை தொடங்குவது அவருடைய நற்குணத்தில் அல்ல, 'இங்கே இருக்கமாட்டேன்' என்ற மறுப்பில்தான் என்று காட்டினார். நாயகிக்கு முதலில் வேண்டியது ஒரு 'மாட்டேன்'. அந்த 'மாட்டேன்' நியாயமானதாகவும் இருக்க வேண்டும். காதல் நாவல் வகுப்பின் ஆகச்சிறந்த எடுத்துக்காட்டாகக் கடைசிவரை மணம் செய்துகொள்ளாத ஒரு பெண் வந்து அமைந்ததை அவர் கவனித்தாரா என்று தெரியவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது.

மதியம் பிரியாணியும் கத்திரிக்காய்த் தொக்கும் கொடுத்தார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை.

உணவுக்குப் பின் நாயகியின் கைப்பையில் என்ன இருக்கிறது என்று எழுதச் சொன்னார்கள். சிறிய புதிய ஏற்பாடு, தைலப் புட்டி, சம்பளச் சீட்டு, பேருந்துச் சில்லறை என்று நான் வாசித்தேன். என் பக்கத்தில் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் அமர்ந்திருந்தார். வார்டிலும் 'சிஸ்டர்', சபையிலும் 'சிஸ்டர்' என்று நாற்பது ஆண்டுகள் அழைக்கப்பட்டதில் தன் பெயரே மறந்துவிட்டது என்று சொல்லிச் சிரிப்பவர். அவர் என் கையைத் தொட்டு, 'வளையலை எங்க வெச்சீங்க டீச்சர்?' என்று கேட்டார். பணி நேரத்தில் கையில் எதுவும் அணியக்கூடாது. வளையலையும் மோதிரத்தையும் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து பைக்குள் போட்டுவிட்டுத்தான் வார்டுக்குள் நுழைய வேண்டும் என்று அவர் விளக்கினார்.

அந்தக் கைக்குட்டை முடிச்சில்தான் என் நாவலின் முடிச்சும் இருந்தது. நாயகனின் தாயார் நகை அணியாத பெந்தெகொஸ்தே சபையைச் சேர்ந்தவர். அதே வார்டில் நோயாளியாகப் படுத்திருக்கிறார். இரவெல்லாம் தன்னைக் கவனித்துக்கொள்ளும் பெண்ணின் வெறுங்கையைப் பார்க்கிறார். நம்முடைய பிள்ளைதான் என்று மனத்துக்குள் முடிவு செய்துகொள்கிறார். எஸ்தரோ, நகை அணியத் தடையில்லாத சி.எஸ்.ஐ. என்னும் தென்னிந்தியத் திருச்சபை ஆலயத்துப் பாடகர் குழுவில் ஆல்டோ பாடுகிறவள். பணி முடிந்த காலையில், வங்காள எழுத்தில் பலகை தொங்கும் விடுதிகளின் வரிசையைத் தாண்டி, பேருந்து நிறுத்தத்துக்குப் போகும் வழியில், அவள் பைக்குள் கைவிட்டு வளையல்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொள்கிறாள். எதிரே மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பும் மகன் அதைப் பார்த்துவிடுகிறான். பொய் சொன்னவர் யாருமில்லை, கெட்டவர் யாருமில்லை, ஆனாலும் கதை நகரத் தொடங்கிவிட்டது.

நான் இதைச் சொன்னதும் வகுப்பு கலகலப்பானது. ஞானஸ்நானம் குழந்தையிலா முழுக்கிலா, தாலி கட்டலாமா மோதிரம் மாற்றலாமா, ஆயர் வருவாரா பாஸ்டர் வருவாரா என்று ஆளுக்கொரு வீட்டுக் கதையைச் சொல்லத் தொடங்கினார்கள். இவை அத்தனையும் நாவலுக்கான மூலப்பொருள். அப்போதுதான் பயிற்றுநர் பின்வாங்கினார். சபைப் பிரிவுகளைக் கதைக்குள் கொண்டுவந்தால் ஒரு சாரார் புத்தகத்தை வாங்கமாட்டார்கள், எனவே பொதுவாக 'விசுவாசக் குடும்பம்' என்று எழுதினால் போதும் என்பது அவருடைய அறிவுரை. கடைசி வரிசையிலிருந்த இளைஞர் ஒருவர் சாதியைப் பற்றிக் கேட்டார். அதற்குக் கிடைத்த பதில், கிறிஸ்துவுக்குள் அப்படி ஒன்று இல்லை என்பது. இல்லாமல் இருக்க வேண்டும் என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் கிறிஸ்தவ மணமக்கள் தேவை என்று வரும் விளம்பரங்களில் சபையின் பெயருக்கு அடுத்தபடியாகச் சாதியின் பெயரும் அச்சாகிறது என்பதை அந்த அறையில் இருந்த அனைவரும் அறிவோம். நம் ஊரில் ஒரு விசுவாசியையும் இன்னொரு விசுவாசியையும் பிரித்து வைப்பது அவிசுவாசம் அல்ல; வீடு. அந்த வீட்டைத் தொடாமல் நாயகியை உருவாக்கு என்றால், முதல் வினாப்பட்டியலின் கறுப்புக் கண்ணும் கறுப்புக் கூந்தலும்தான் மிஞ்சும்.

இரண்டாவது சனிக்கிழமை நாயகனுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அதுதான் இந்தப் பயிலரங்கின் பலவீனமான பாதி. பதினெட்டுப் பேரில் பதினொரு பேருடைய நாயகர்கள் மருத்துவர்கள். வேலூரில் இதை எதிர்பார்த்திருக்க வேண்டும். நாயகனுக்கு முன்மாதிரியாகப் பயிற்றுநர் காட்டியது வேதாகமத்தில் ரூத்தின் கதையில் வரும் போவாஸ்: செல்வமுள்ளவன், பணிவுள்ளவன், வயலில் கதிர் பொறுக்க வந்த அயல்நாட்டு விதவையிடம் கண்ணியமாக நடந்துகொண்டவன். இந்தக் குணங்களையெல்லாம் பலகையில் எழுதிப்போட்டு, நம் நாயகனிடம் இவை இருக்கின்றனவா என்று சரிபார்க்கச் சொன்னார். எல்லா நாயகர்களிடமும் எல்லாம் இருந்தன. என் பக்கத்துச் செவிலியர் தன் நாயகனை வாசித்துக் காட்டிவிட்டு, தானே சலித்துப்போய், 'இன்னாத்துக்கு மேடம் இவன் இவ்ளோ நல்லவனா இருக்கான்?' என்று கேட்டார். இரண்டு நாளிலும் கேட்கப்பட்ட மிகச்சிறந்த விமரிசனம் அதுதான், பதில் வரவில்லை.

போவாஸைக் கதாபாத்திரமாக்குவது அவனுடைய நற்குணங்கள் அல்ல என்பது என் எண்ணம். இறந்துபோன உறவினனின் நிலத்தையும் விதவையையும் ஏற்று மீட்க, அவனைவிட நெருங்கிய உரிமையுள்ள உறவினன் ஒருவன் இருக்கிறான். ரூத்தை இழந்துவிடக்கூடிய அந்தக் காலையில் போவாஸ் ஊர்வாசலில் போய் உட்கார்ந்து, பத்து மூப்பரைக் கூட்டி, அந்த உறவினனிடமே 'நீ மீட்டுக்கொள்கிறாயா?' என்று கேட்கிறான். அவன் முதலில் சம்மதித்தும் விடுகிறான். நாயகன் நாயகனாவது அந்தச் சம்மதத்துக்கும் அவன் பின்வாங்குவதற்கும் இடைப்பட்ட ஒரே வசனத்தில்தான். இதைக்கூட விட்டுவிடலாம்; வேதாகமத்தின் ஆகப்பெரிய காதலன் யாக்கோபை அந்த வகுப்பு ஏன் தொடவேயில்லை என்பது எனக்குப் புரியவில்லை. அண்ணனை ஏமாற்றி ஓடிவந்தவன், கிணற்றடியில் ராகேலைக் கண்டு முத்தமிட்டுச் சத்தமிட்டு அழுகிறான், அவளுக்காக ஏழு வருடம் உழைக்கிறான், ஏமாற்றியவனே ஏமாற்றப்பட்டு விடிந்ததும் ராகேலுக்குப் பதிலாக அவள் அக்காள் லேயாளின் முகத்தைப் பார்க்கிறான். குற்றம், கூலி, ஏக்கம் எல்லாம் ஒரே ஆளிடம் இருக்கின்றன. ஒருவேளை இரண்டு மனைவியர் கதை என்பதால் தவிர்த்திருக்கலாம்.

ஒரு செய்தியை மட்டும் அன்று மிக நன்றாகச் சொல்லிக்கொடுத்தார்கள் என்பதையும் எழுத வேண்டும். நாயகன் நம்பிக்கையில்லாதவனாக இருந்து, 'அந்நிய நுகத்திலே அவிசுவாசிகளுடன் பிணைக்கப்படாதிருப்பீர்களாக' என்ற வசனம் குறுக்கே நிற்க, இறுதியில் அவன் மனந்திரும்புவது இந்த வகை நாவல்களில் வழக்கமான பாதை. அந்த மனந்திரும்புதல் அவளை அடைவதற்காக நிகழ்ந்ததாக வாசகருக்கு ஒரு கணம் தோன்றிவிட்டாலும் நாவல் தோற்றுவிடும் என்று பயிற்றுநர் எச்சரித்தார். அவள் இனிக் கிடைக்கமாட்டாள் என்று அவன் நம்பும் வேளையில், அவள் அறியாத இடத்தில் அது நிகழ வேண்டும். அவளே அதைப் பிறர் வாயிலாகத்தான் கேள்விப்பட வேண்டும். இவ்வளவு நுட்பம் தெரிந்தவர் எதற்காகக் குணப்பட்டியலைப் பலகையில் எழுதினார் என்பது எனக்கு விளங்காத புதிர்.

சரித்திரப் பின்னணியில் எழுதுகிறவர்களுக்கு இந்த வகுப்பில் உதவி கிடைக்காது. 1935-இல் வேலூரில் மருத்துவம் படிக்கும் இளைஞன் ஒருவனை நாயகனாக்கியிருந்தார் ஒருவர், பாராட்டும் பெற்றார். 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாகத் தொடங்கியது சி.எம்.சி. கல்லூரி. 1947-இல்தான் ஆண்களைச் சேர்த்துக்கொண்டார்கள். இதையும் செவிலியர்தான் தேநீர் இடைவேளையில் அவரிடம் தணிந்த குரலில் சொன்னார். அதே கதையில் 'ராணிப்பேட்டை மாவட்டம்' என்று ஒரு வரி இருந்தது. 2019-இல் பிறந்த மாவட்டம் அது. அந்தக் காலத்தில் எல்லாம் ஒரே வட ஆர்க்காடு.

என் நாயகனை நான் மருத்துவராக்கவில்லை. தானியேல் ஆம்பூரில் காலணித் தொழிற்சாலையில் வேலை கற்று, தொழுநோயாளிகளுக்குச் செருப்பு தைக்கிற பட்டறைக்கு மாறியவன். 1955-இல் வேலூருக்கு அருகே கரிகிரியில் தொழுநோய் ஆய்வுக்கென ஒரு நிறுவனம் வந்ததும், மருத்துவர் பால் பிராண்ட் வேலூரில் செய்த ஆய்வுகளும் எங்கள் பக்கத்தில் பலருக்கும் தெரிந்தவை. விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாமல் போவதால்தான் காயம்பட்டுக் காயம்பட்டு அழிகின்றன என்பதை அவர் நிறுவினார். உணர்ச்சியற்ற அந்தப் பாதங்களுக்கென்று எம்.சி.ஆர். என்னும் மெத்தென்ற ரப்பரில் செருப்பு தைக்கிறார்கள். வலிக்காத பாதத்துக்கு அளவெடுக்கிறவன் ஒருவனும், ஜெபத்தில் வலியை உணராமல் தன்னைப் பழக்கிக்கொண்ட ஒருத்தியும் சந்திப்பதாக என் புதிய மூன்று அத்தியாயங்களை எழுதி அனுப்பினேன்.

இந்த வகை நாவலில் உடல் நெருக்கத்தைக் காட்டக்கூடாது என்பது விதி. அதை வகுப்பில் கால் மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள்; விலக்க வேண்டியவற்றைச் சொன்னார்கள், அந்த இடத்தில் எதை வைப்பது என்று சொல்லவில்லை. நான் வைத்தது இது. முதியவர் ஒருவரின் பாதத்தைப் பழுப்புத் தாளின் மேல் வைத்து, தானியேல் பென்சிலால் சுற்றிக் கோடு இழுக்கிறான்; பாதம் அசையாமலிருக்க எஸ்தர் கணுக்காலைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். பென்சில் அவள் விரல்களை நெருங்கும்போது நின்று, அவள் விரலை எடுக்கும்வரை காத்திருந்து, மீண்டும் நகர்கிறது. பெரியவருக்கு எதுவும் தெரியவில்லை, அவருக்கு அங்கே உணர்வில்லை.

இரண்டு வாரத்தில் வரவேண்டிய கருத்துரை ஏழு வாரம் கழித்து, மூன்று முறை நினைவூட்டிய பின் வந்தது. இரண்டு பக்கம். செருப்புத் தைக்கும் தொழில் காதல் நாயகனுக்குப் பொருந்தாது, அவனை அதே நிறுவனத்தில் மருத்துவராக்கினால் இந்தக் காட்சி சிறக்கும் என்று எழுதியிருந்தார்கள். மருத்துவர் பென்சிலால் கோடு இழுக்கமாட்டாரே என்பது யாருக்கும் தோன்றவில்லை. செருப்புத் தைப்பவன் கூடாது என்ற அந்த வரியில், முதல் சனிக்கிழமை 'இல்லை' என்று மறுக்கப்பட்ட ஒன்று சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்திருந்ததையும் நான் கவனிக்காமல் இல்லை. இரண்டாவது பக்கம் முழுவதும் பொதுவான ஊக்கமொழிகள். செவிலியருக்கு வந்த கருத்துரையை வாங்கி ஒப்பிட்டுப் பார்த்தேன். அவருடைய இரண்டாவது பக்கமும் என்னுடையதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தன, அவரை 'சகோதரர்' என்று விளித்திருந்தது ஒன்றுதான் வேறுபாடு.

நாயகி கிடைக்காமல் தவிக்கிறவர்கள் போகலாம். முதல் நாள் போதும், அதுவும் ஏட்டை மூடிய பிறகு. நாயகனுக்காகப் போகிறவர்கள் ஆதியாகமத்தின் இருபத்தொன்பதாம் அதிகாரத்தை வீட்டிலேயே வாசித்துவிடலாம். ஓய்வுபெற்ற செவிலியர் யாராவது வருகிறார்களா என்று முன்கூட்டியே கேட்டு, அவர் பக்கத்தில் இடம் பிடிப்பது நல்லது.

அடுத்த வகுப்பு தவக்காலத்துக்கு முன் நடக்கும் என்று அறிவித்திருக்கிறார்கள். முதல் சனிக்கிழமைக்கு மட்டும் பாதிக் கட்டணம் கட்டி வரலாமா என்று கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.